ஆர்க்டிக் புகைமூட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட துருவம் என்றதும் கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரியான வானம்தான் மனதில் வரும். கோடையில் அது கிட்டத்தட்ட உண்மை. குளிர்காலக் கடைசியில், குறிப்பாக மார்ச், ஏப்ரலில் போய்ப் பார்த்தால் அடிவானம் பழுப்பேறிக் கிடக்கும். பக்கத்தில் ஊர் இருக்காது, ஆலை இருக்காது. அந்தப் பழுப்பு காற்றில் மிதக்கும் நுண்துகள்கள், ஏரோசால் என்பார்கள். அவை எவை, எங்கிருந்து வருகின்றன, வந்து என்ன செய்கின்றன என்று பலரும் கேட்பவற்றை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

ஏரோசால் என்பது டப்பாவில் அடைத்து வரும் தெளிப்பான் தானே?

கடைப் பேச்சில் அப்படி. வளிமண்டலத்தைப் படிப்பவர்களுக்கோ காற்றில் மிதக்கும் திடத் துகளும் திரவத் துளியும் எல்லாமே ஏரோசால். கடல் உப்பு, பாலைவனப் புழுதி, அடுப்புக் கரி, மகரந்தம், ஆலைப் புகையிலிருந்து உருவாகும் சல்பேட் என்று எல்லாம் அதில் அடக்கம். இங்கே சுருக்கமாகத் 'துகள்' என்றே எழுதுகிறேன்.

இதில் கவனிக்க வேண்டியது அளவு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஆர்க்டிக் வரை போய்ச் சேரும் துகள்களில் பெரும்பாலானவை 0.1 முதல் 1 மைக்ரானுக்குள் இருக்கும். அதைவிடப் பெரியவை வழியிலேயே தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவை ஒன்றோடொன்று மோதி ஒட்டிப் பெரிதாகிவிடும். நடுவில் மாட்டிக்கொண்டவைதான் விழவும் விழாமல், ஒட்டவும் ஒட்டாமல் வாரக்கணக்கில் ஊர் சுற்றும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். ஏறக்குறைய அதே அளவில் இருப்பதால் இந்தத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதில் கில்லாடிகள். கொஞ்சம் சேர்ந்தாலே தூரம் மங்கிவிடும்.

ஆளே இல்லாத இடத்தில் புகைமூட்டம் இருப்பதை யார் கண்டுபிடித்தது?

விமானிகள். 1950களில் அமெரிக்க விமானப்படை அலாஸ்காவிலிருந்து வட துருவப் பக்கம் வானிலை நோட்டப் பயணங்களை நடத்திக்கொண்டிருந்தது. மேகமும் இல்லை, பனிப்புயலும் இல்லை, ஆனாலும் எதிரே சரியாகத் தெரியவில்லை என்று விமானிகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மர்ரே மிட்செல் என்ற வானிலையாளர் அதை எடுத்து எழுதினார். 'ஆர்க்டிக் புகைமூட்டம்' என்ற பெயர் அங்கிருந்து தொடங்குகிறது. அப்புறம் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1970களில் கிளென் ஷா, கென்னத் ரான் ஆகியோர் அலாஸ்காவின் வட முனையில் உள்ள பேரோவில் (இப்போது உட்கியாக்விக்) அளக்கத் தொடங்கினார்கள். முதலில் கிடைத்த பதில் பாதி வழியில் நின்றது. 1976 வசந்தத்தில் பிடித்த மூட்டப் பட்டைகளில் இருந்தது ஆசியப் பாலைவனப் புழுதி. சரி, மண் தூசுதான் போலிருக்கிறது, இயற்கையின் வேலை என்று தோன்றியது. ஆனால் தரையில் வடிதாளில் சேர்ந்த துகள்களைப் பகுத்தபோது கதை மாறியது. சல்பேட் நிறைய இருந்தது. கூடவே வனேடியம், மாங்கனீஸ். கனரக எண்ணெயை எரித்தால் வனேடியம் வரும், உலோக ஆலைகளிலிருந்து மாங்கனீஸ் வரும். எந்த உலோகம் எந்த விகிதத்தில் இருக்கிறது என்பது கிட்டத்தட்ட கைரேகை மாதிரி. அந்த ரேகை ஐரோப்பாவையும் சோவியத் ஒன்றியத்தையும் காட்டியது.

இன்று இந்த மூட்டத்தின் சேர்மானம் தெளிவாகத் தெரியும். முதலிடம் சல்பேட்டுக்கு. அப்புறம் கரிமப் பொருட்கள், அம்மோனியம், நைட்ரேட், மண் தூசு, கொஞ்சம் புகைக்கரி.

அதற்கு முன்னால் துருவப் பயணிகள் யாருமே பார்க்கவில்லையா?

பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த நூர்டென்ஷெல்ட் 1870இல் கிரீன்லாந்துப் பனிப்பரப்பில் நடந்தபோது, பனியில் சின்னச் சின்னக் குழிகளையும் அவற்றின் அடியில் கருமையான வண்டலையும் கண்டார். கிரையோகோனைட் என்று பெயர் வைத்தார். 'பனித் தூசு' என்று பொருள். அது முழுக்க ஆலைப் புகை என்று சொல்ல முடியாது. மண்ணும் நுண்ணுயிர்களும் கலந்தது. ஆனால் 'கருப்பு விழுந்த இடம் வெயிலை உறிஞ்சி, பனியை உருக்கிக்கொண்டு கீழே இறங்கும்' என்பதை அந்தக் குழிகள் அப்போதே காட்டிவிட்டன.

கிரீன்லாந்துப் பனியைத் துளைத்து எடுத்த உருளைகளில் இன்னும் பழைய கணக்கு இருக்கிறது. ரோமானியர் காலத்து வெள்ளிச் சுரங்கங்களின் ஈயம் கூட அங்கே படிந்திருக்கிறது. புகைக்கரி 1850க்குப் பிறகு ஏறத் தொடங்கி, 1906 முதல் 1910 வரை உச்சத்தில் இருந்தது. அந்த ஆண்டுகளில் தொழிற்காலத்துக்கு முந்தைய அளவைப்போல ஏழு மடங்கு. நிலக்கரியைக் கணக்கு வழக்கில்லாமல் எரித்த காலம் அது. ஆர்க்டிக் கெட்டுப்போனது நம் தலைமுறையில் என்று நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்.

ஏன் குளிர்காலத்தில் மட்டும் வருகிறது?

வருவது ஒரு பாதி, போகாமல் இருப்பது மறுபாதி. இரண்டாவதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

காற்றைக் கழுவுவது மழையும் பனிப்பொழிவும். குளிர்காலத்தில் ஆர்க்டிக் ஒரு பாலைவனம். காற்று அவ்வளவு குளிர்ந்து கிடப்பதால் அதில் ஈரமே குறைவு, பொழிவதும் குறைவு. வெயிலும் கிடையாது, அதனால் தரை சூடேறிக் காற்றை மேலே கிளப்பிவிடாது. தரையை ஒட்டிக் கடுங்குளிர், அதற்கு மேலே கொஞ்சம் சூடான காற்று என்று அடுக்கு தலைகீழாக நிற்கும். பானைக்கு மூடி போட்டது போல. போகி அன்று விடியற்காலையில் சென்னையில் புகை மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக்கிடப்பதற்கும் இதே தலைகீழ் அடுக்குதான் காரணம். சென்னையில் வெயில் ஏறினால் மூடி திறந்துவிடும். ஆர்க்டிக்கில் வெயில் ஏற மாதக்கணக்காகும்.

நம் பக்கத்தில் ஒரு துகள் காற்றில் இருப்பது சில நாட்கள், அதிகம் போனால் ஒரு வாரம். குளிர்கால ஆர்க்டிக்கில் அது வாரக்கணக்கில் தங்கும். டிசம்பரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து மார்ச், ஏப்ரலில் உச்சத்துக்கு வந்துவிடும்.

எங்கிருந்து, எந்த வழியாக வருகிறது?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. பதில் கொஞ்சம் நீளும்.

'யார் அதிகம் புகைக்கிறார்களோ அவர்களுடைய புகைதான் அங்கே அதிகம் இருக்கும்' என்பது இயல்பான ஊகம். அது தப்பு. ஆர்க்டிக்கின் தரைமட்டக் காற்றுக்குள் யார் நுழையலாம் என்பதைப் புகையின் அளவைவிட வெப்பநிலைதான் அதிகம் தீர்மானிக்கிறது.

குளிர்ந்த காற்று கனமானது. குளிர்காலத்தில் துருவத்தின் மேல் அது குவிந்து, கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு குவிமாடமாக நிற்கும். தெற்கிலிருந்து வரும் சூடான காற்று இதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. கிண்ணத்தின் முதுகில் ஏறி, அப்படியே மேலே நழுவிப் போய்விடும். உள்ளே நுழைய வேண்டுமானால் ஒன்று, புகை பிறந்த இடமே கிண்ணத்துக்குள் இருக்க வேண்டும். அல்லது அந்தக் காற்று வழியில் பனி மூடிய நிலத்தின் மேல் தவழ்ந்து தன் சூட்டை இழந்து, உள்ளே இருப்பதற்குச் சமமாகக் குளிர வேண்டும்.

இந்தக் கிண்ணம் வட்டமாகவும் இருக்காது. குளிர்காலத்தில் ஐரோப்பா, ஆசியா பக்கம் அதன் விளிம்பு சில சமயம் 40 டிகிரி அட்சரேகை வரைகூட இறங்கும். அதாவது வட ஐரோப்பாவும் ரஷ்யாவின் பெரும்பகுதியும் கிண்ணத்துக்கு உள்ளேயே அகப்பட்டுவிடும். அங்கே ஓர் ஆலை புகைத்தால் அது ஆர்க்டிக்குக்குள்ளேயே புகைத்த மாதிரிதான். சைபீரியாவின் மேல் நிற்கும் உயரழுத்தம் அந்தப் புகையை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும்.

நோரில்ஸ்க் இதற்கு நல்ல உதாரணம். சைபீரியாவில், 69 டிகிரி வடக்கில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கும் நிக்கல், செம்பு உருக்காலை நகரம். பல பத்தாண்டுகளாக ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 20 லட்சம் டன் கந்தக டைஆக்சைடு (காற்றில் சல்பேட்டாக மாறும் வாயு) அங்கிருந்து வெளியேறியது. ஒற்றை நகரத்திலிருந்து! அது எந்தக் கிண்ணத்தையும் துளைக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. நார்வே எல்லையோரம் இருந்த நிக்கெல் என்ற ஊரின் உருக்காலையும் அப்படித்தான். அது 2020 டிசம்பரில் மூடப்பட்டது.

புகைக்கரிக்கு வேறொரு மூலமும் இருக்கிறது: எண்ணெய் வயல்களில் வேண்டாத வாயுவைக் கொளுத்திவிடும் சுடர்கள். மேற்கு சைபீரிய வயல்களில் இவை நிறைய. 2013இல் வந்த ஒரு கணினி மாதிரிக் கணக்கீட்டின்படி, ஆர்க்டிக் தரைமட்டப் புகைக்கரியில் ஆண்டுச் சராசரியாக 42 சதவீதம் இந்தச் சுடர்களிலிருந்து வருகிறது. உலகம் முழுவதும் வெளியாகும் புகைக்கரியில் இவற்றின் பங்கு மிகச் சிறியது. ஆனால் இடம் அப்படி.

நம் நாட்டுப் புகை அங்கே போகிறதா?

போகிறது, ஆனால் மாடிக்கு. இந்தியா, சீனா பக்கத்துக் காற்று சூடானது. இடிமேகங்களும் புயல் மண்டலங்களும் அதை மேலே தூக்கிவிடும். வடக்கே போனால் கிண்ணத்தின் முதுகில்தான் ஏறும். அதனால் தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரத்தில் ஆசியப் புகை கணிசமாக இருக்கிறது. பனியில் படிவது குறைவு. மேலே ஏறும் வழியில் மழையிலும் ஒரு பகுதி கழுவப்பட்டுவிடும்.

உயரத்தில் மிதப்பதால் பாதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அங்கே வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும். என்றாலும் ஒரு கிலோ புகைக்கரிக்கு எவ்வளவு கெடுதல் என்று கணக்குப் போட்டால், வடக்கே பிறந்த கிலோதான் ஆர்க்டிக்கை அதிகம் வாட்டும்.

கோடையில் காற்று உண்மையிலேயே சுத்தமா?

நம்ப முடியாத அளவுக்கு. கிண்ணம் சுருங்கி வடக்கே ஒதுங்கிவிடும், தெற்கிலிருந்து வரும் வழிகள் அடைபடும். தாழ்ந்த மேகமும் மூடுபனியும் ஓயாத தூறலும் காற்றைத் தினமும் அலசும். கடற்பனியின் மேல், மேகத்துளி உருவாக உதவும் துகள்கள் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்துக்கும் கீழே போய்விடும். சில நேரம் ஒன்றுக்கும் கீழே. நகரத்துத் தெருவில் அதே அளவு காற்றில் ஆயிரக்கணக்கான துகள்கள் இருக்கும். துகள் இவ்வளவு குறைந்தால் மேகமே ஒழுங்காக உருவாகாது. உருவாகும் சில துளிகளும் சட்டென்று பெருத்து விழுந்து, இருந்த துகளையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

காற்று இப்படிக் காலியாக இருக்கும்போது இயற்கை தன் பங்குக்குப் புதுத் துகள்களைத் தயாரிக்கும். கடல் பாசிகள் டைமெத்தில் சல்பைடு என்ற வாயுவை விடுகின்றன. கடற்கரை வாசனை என்று நாம் சொல்வதில் அதற்கும் பங்குண்டு. அது வெயிலில் மாறிக் கந்தக அமிலமாகும். ஆனால் அமிலம் மட்டும் இருந்தால் போதாது, அம்மோனியாவும் சேர்ந்தால்தான் துகள் எளிதாகப் பிறக்கும். வயலோ மாட்டுத்தொழுவமோ இல்லாத இடத்தில் அம்மோனியாவுக்கு எங்கே போவது? கடற்பறவைகளின் எச்சம்! பாறை முகடுகளில் லட்சக்கணக்கில் கூடு கட்டும் பறவைகளின் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா புதுத் துகள்களை உருவாக்கி, கோடை மேகங்களைக் கொஞ்சம் வெண்மையாக்குகிறது என்று கனடிய ஆர்க்டிக் அளவீடுகளை வைத்து 2016இல் காட்டினார்கள். வட துருவத்துக்குப் பக்கத்தில், கோடை முடிந்து கடல் மறுபடி உறையத் தொடங்கும்போது அயோடின் அமிலமும் இதே வேலையைச் செய்கிறது.

இத்தனூண்டு கரி பனியை உருக்குமா?

விளக்குச் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்து மை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரலில் ஒட்டும் கரி எடை பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஆனால் முகமெல்லாம் பூச அது போதும். பனியிலும் அதே கணக்குதான்.

ஆர்க்டிக் பனியில் புகைக்கரி ஒரு கிராமுக்குச் சில நானோகிராமிலிருந்து இருபது வரை இருக்கும். அதாவது நூறு கோடிப் பங்கில் சில பங்கு. கையில் அள்ளினால் தூய வெள்ளையாகத்தான் தெரியும். புதுப் பனி தன்மேல் விழும் வெயிலில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒளி பனிக்குள் புகுந்து ஒரு பனிமணியிலிருந்து இன்னொன்றுக்கு எகிறிக்குதித்து வெளியே வருவதால், வழியில் எங்காவது ஒரு கரித்துகளைச் சந்திக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் நூறு கோடியில் பத்துப் பங்கு கரி இருந்தாலே வெண்மை சுமார் ஒரு சதவீதம் குறையலாம். ஒரு சதவீதம் சின்னதாகத் தெரியும். மாதக்கணக்கில் அஸ்தமிக்காத வெயிலோடு பெருக்கிப் பார்த்தால் அப்படித் தெரியாது. அதோடு, பனி கொஞ்சம் உருகினால் மணிகள் பெருத்து இன்னும் கருக்கும். மேல்பனி உருகி வடிந்தாலும் கரியில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும்.

மொத்தத்தில் இந்த மூட்டம் ஆர்க்டிக்கைச் சூடாக்குகிறதா, குளிர்விக்கிறதா?

இரண்டும். எந்தத் துகள், எந்த மாதம், கீழே பனியா தண்ணீரா, மேலே மேகம் உண்டா என்பதைப் பொறுத்தது. ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

சல்பேட் வெயிலைத் திருப்பி அனுப்பும், எனவே குளிர்விக்கும். ஆனால் கீழே ஏற்கெனவே வெள்ளைப் பனி இருந்தால் அது புதிதாகத் திருப்பி அனுப்ப அதிகம் மிச்சமில்லை. புகைக்கரியோ நேர் எதிர். கீழே வெள்ளை இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். கீழே வரும் வெயிலையும் உறிஞ்சும், பனியில் பட்டு மேலே திரும்பும் வெயிலையும் உறிஞ்சும்.

குளிர்கால இருட்டில் வெயிலே கிடையாது, அப்போது துகளுக்கு என்ன வேலை? மேகத்தின் வழியாக வேலை. ஆர்க்டிக்கின் மெல்லிய மேகங்களில், உறைநிலைக்குக் கீழேயும் உறையாத நீர்த்துளிகள் இருக்கும். மூட்டம் வந்தால் அதே தண்ணீர் நிறையச் சின்னத் துளிகளாகப் பிரியும். அத்தகைய மேகம் தரையிலிருந்து தப்பும் வெப்பத்தை நன்றாகப் பிடித்துத் திருப்பி அனுப்பும். பேரோவில் எடுத்த அளவீடுகளை வைத்து 2006இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டின. கூடுதல் வெப்பம் சதுர மீட்டருக்கு 3 வாட்டுக்கு மேல் வந்தது. போர்வையின் இழையை நெருக்கி நெய்த மாதிரி.

அப்படியானால் ஐரோப்பா காற்றைச் சுத்தம் செய்ததால் ஆர்க்டிக் சூடானது என்கிறார்களே?

அதில் உண்மை இருக்கிறது. 1979இல் ஜெனீவாவில் எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய உடன்படிக்கை கையெழுத்தானது. 1985இல் கந்தகத்தைக் குறைக்கும் நெறிமுறை வந்தது. 1990களில் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது ஆலைகள் பலவும் தானாகவே சுணங்கின. ஆர்க்டிக் நிலையங்களில் சல்பேட்டும் புகைக்கரியும் நன்றாகக் குறைந்தன.

குளிர்வித்துக்கொண்டிருந்த சல்பேட் விலகியதும், அதுவரை மறைந்திருந்த சூடு வெளியே தெரிந்தது. 1980க்குப் பிந்தைய ஐரோப்பியக் கந்தகக் குறைப்பு மட்டும் ஆர்க்டிக்கில் சுமார் அரை டிகிரிக்குக் காரணம் என்று 2016இல் ஒரு மாதிரிக் கணக்கீடு சொன்னது. இதைக் கேட்டுவிட்டு, கந்தகத்தைத் திரும்ப விடலாமே என்று சிலர் விளையாட்டாகக் கேட்பார்கள். அந்தப் புகைதான் ஸ்காண்டிநேவிய ஏரிகளை அமிலமாக்கி மீன்களைக் கொன்றது. சூட்டைக் கொண்டுவந்தது கார்பன் டைஆக்சைடு, சல்பேட் அதன் மேல் போட்டிருந்த துணி. துணியை எடுத்தவன் மேல் பழி போடுவது நியாயமில்லை. 1979 முதல் ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. அதில் துகள்களின் பங்கு ஒரு கிளைக்கதை மட்டும்.

மூட்டம் மிக மோசமாக இருந்தது எப்போது?

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள நி-ஒலசுண்ட் நிலையத்தைப் பொறுத்தவரை 2006 ஏப்ரல் கடைசியும் மே தொடக்கமும். கிழக்கு ஐரோப்பாவில் அந்த ஆண்டு வசந்தம் தாமதமாக வந்தது. பனி விலகியதும் பால்டிக் நாடுகளிலும் பெலாரஸ், உக்ரைன், மேற்கு ரஷ்யாவிலும் விவசாயிகள் காய்ந்த பயிர்த் தாள்களைக் கொளுத்தினார்கள். வழக்கமாகச் செய்வதுதான். அதே நாட்களில் ஐரோப்பிய ஆர்க்டிக் வழக்கத்துக்கு மாறாகச் சூடாக இருந்தது.

மேலே சொன்ன கிண்ணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயும் வெளியேயும் சூட்டில் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் தடுப்புச் சுவரும் இல்லை. புகை தாழ்வாகவே நேராக உள்ளே வந்துவிட்டது. எதிரே இருக்கும் மலைகள் மஞ்சள் பழுப்பில் கரைந்துபோயின. துகள், கார்பன் மோனாக்சைடு, ஓசோன் எல்லாம் அங்கே அதுவரை பதிவான உச்சங்களைத் தாண்டின. பனியாற்றின் மேல்பனி கண்ணால் பார்த்தாலே தெரியும் அளவுக்கு நிறம் மாறியிருந்தது.

ஆர்க்டிக் சூடாகச் சூடாக இந்தச் சுவர் அடிக்கடி பலவீனப்படலாம் என்பதுதான் அந்த நிகழ்வை ஆராய்ந்தவர்கள் கவலைப்பட்ட விஷயம். 2020 ஏப்ரலிலும் ஒரு சூடான காற்றோட்டம் புகுந்து, மத்திய ஆர்க்டிக்கில் துகள்களை ஒரே வீச்சில் கொண்டுவந்து கொட்டியது.

காட்டுத்தீ?

ஆலைப் புகை குறையக் குறைய இதன் பங்கு ஏறிக்கொண்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிழக்கு சைபீரியாவின் யாகுதியாவில் எரிந்த காடுகளின் புகை 3,000 கிலோமீட்டருக்கு மேல் பயணித்து வட துருவத்தையே தொட்டதைச் செயற்கைக்கோள் படம் பிடித்தது. தீயின் புகை வருவது கோடையில். அதாவது காற்று சுத்தமாக இருக்க வேண்டிய மாதங்களில், வெயில் முழு வேகத்தில் அடிக்கும்போது.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்?

நி-ஒலசுண்ட் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்க ஊர். 1962இல் நடந்த வெடிவிபத்தில் 21 தொழிலாளர்கள் இறந்தபின் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அது ஆய்வு ஊர். வைஃபை, புளூடூத் எல்லாம் அணைத்து வைக்க வேண்டும், அங்குள்ள ரேடியோ தொலைநோக்கிக்கு இடைஞ்சல். வெண்கரடி வந்தால் ஓடி நுழைய வசதியாகக் கதவுகளைப் பூட்ட மாட்டார்கள்.

ஊருக்கு மேலே, செப்பலின் மலையில் 474 மீட்டர் உயரத்தில் கண்காணிப்பகம் இருக்கிறது. கம்பிவடத்தில் தொங்கும் சின்னப் பெட்டியில் ஏறிப் போக வேண்டும். ஏன் அவ்வளவு உயரம் என்றால், ஊருக்கு மின்சாரம் தருவது டீசல் இயந்திரம். அந்தப் புகையை அளந்துவிட்டு ஆர்க்டிக் மாசு என்று சொல்லிவிடக் கூடாதே!

உள்ளே இருக்கும் கருவிகளில் புரிந்துகொள்ள எளிதானது ஏத்தலோமீட்டர். வெள்ளை வடிதாள் நாடாவின் ஒரு சிறு வட்டத்தின் வழியே காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வட்டம் மெல்ல மெல்லச் சாம்பலாகி, பிறகு கருக்கும். மேலிருந்து விழும் ஒளி எவ்வளவு கீழே கசிகிறது என்று பார்த்து, கரி எவ்வளவு சேர்ந்தது என்று கணக்கிடும். வட்டம் நன்றாகக் கருத்ததும் நாடா கொஞ்சம் நகரும், புது வட்டம் தொடங்கும். வசந்தத்தில் அங்கே கன மீட்டருக்குப் பல பத்து நானோகிராம் புகைக்கரி இருக்கும், கோடையில் பத்துக்கும் கீழே. அதே கருவியைப் பெருநகரச் சாலையோரம் வைத்தால் நானோகிராமை விட்டுவிட்டு மைக்ரோகிராமில் பேச வேண்டிவரும்.

கனடாவின் அலெர்ட், அலாஸ்காவின் பேரோ, கிரீன்லாந்தின் ஸ்டேஷன் நார்ட், ரஷ்யாவின் டிக்சி என்று இன்னும் சில நிலையங்கள் இருக்கின்றன. நடுக்கடலில் நிலையம் வைக்க முடியாது. அதற்காகத்தான் 2019 செப்டம்பர் முதல் 2020 அக்டோபர் வரை, போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் கப்பல் பனிப்பாளத்தோடு சேர்ந்து மிதந்தது. அந்த ஆய்வுப் பயணத்துக்கு மொசெய்க் என்று பெயர். அங்கேயும் தலைவலி கப்பலின் சொந்தப் புகைதான். காற்று கப்பலின் புகைபோக்கியிலிருந்து கருவிப் பக்கம் திரும்பிய நிமிடங்களை எல்லாம் தேடிப் பிடித்து ஒதுக்க வேண்டியிருந்தது. அந்த அலசலுக்குப் பிறகு மிஞ்சிய தரவில் ஒரு புது விஷயம் கிடைத்தது. குளிர்காலத்தில் கடற்பனி மேல் புயல் அடித்தால், பறக்கும் உப்புப் பனி ஆவியாகி மிக நுண்ணிய உப்புத் துகள்களை நிறைய விட்டுப் போகிறது. மூட்டத்தில் மனிதக் கையே இல்லாத ஒரு பங்கும் இருக்கிறது என்பது இதனால் உறுதியானது.

இந்தியா அங்கே என்ன செய்கிறது?

நி-ஒலசுண்டில் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. கோவாவில் உள்ள தேசிய துருவ ஆய்வு மையம் அதை நடத்துகிறது. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தினர் அங்கே புகைக்கரியையும் பிற துகள்களையும் அளந்து வந்திருக்கிறார்கள். நீண்ட காலம் கோடையை ஒட்டிய மாதங்களில்தான் ஆட்கள் தங்கினார்கள். 2023 டிசம்பரில் முதல் குளிர்காலக் குழு புறப்பட்டது. மூட்டம் சேரும் பருவம் குளிர்காலம் என்பதால், துகள் ஆராய்ச்சிக்கு அது ரொம்பவே தேவையான மாற்றம்.

பனி உருகிக் கப்பல் போக்குவரத்து கூடினால்?

கப்பல்கள் எரிக்கும் கனரக எண்ணெய் புகைக்கரியை நேராகப் பனி விளிம்பிலேயே கொண்டுபோய் வைக்கும். சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஆர்க்டிக் கடலில் அந்த எண்ணெய்க்கு விதித்த தடை 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. ஆனால் விதிவிலக்குகள் நிறைய, சில கப்பல்கள் 2029 வரை தப்பிக்கலாம். தடை என்று சொல்வதைவிடத் தடைக்கு முன்னறிவிப்பு என்று சொல்லலாம்.

தரவை நானே பார்க்க முடியுமா?

முடியும், காசும் வேண்டாம். நார்வேயின் நிலு நிறுவனம் நடத்தும் இபாஸ் தரவுத்தளத்தில் செப்பலின் உள்ளிட்ட நிலையங்களின் பதிவுகள் இருக்கின்றன. பேரோவின் பதிவுகளை அமெரிக்காவின் நோவா அமைப்பு தருகிறது. முதல் முறை திறப்பவர்கள் ஏதாவது ஓர் ஆண்டின் மார்ச்சையும் ஆகஸ்டையும் மட்டும் எடுத்து ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். நேரமெல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். கருவி பழுதான நாட்களில் 999 மாதிரி எண்கள் இருக்கும், அவற்றை முதலில் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் வரலாறு காணாத புகைமூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு மதிய நேரம் முழுக்க மகிழ்ந்துகொண்டிருக்க நேரும். எனக்கு நேர்ந்தது.